முழங்கால் போடணும், மிஸ்ஸி

பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி எளிமையானது. நாள்பட்ட வலியோடு வருகிறவரிடம் எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. வலியால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், அதில் எதைத் திரும்பச் செய்ய ஆசை என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் வரும் பதில்களும் எளிமையானவைதான். மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய்வர வேண்டும். பேருந்தில் ஏறி இறங்க வேண்டும். பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் என்னிடம் வழி இருந்தது.

அந்த ஆன்டி சொன்ன பதிலுக்கு இல்லை.

"முழங்கால் போடணும், மிஸ்ஸி," என்றார்.

இங்கே வயதானவர்கள் தாதியரை மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் அது பொது. அதனால் அந்த அழைப்பில் எனக்கு வியப்பில்லை. முழங்கால் போடுவதுதான் சட்டென்று பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த முழங்கால் எல்லாம் அப்பா சொன்ன பழைய பள்ளிக்கூடக் கதைகளில் வந்தது. கணக்குத் தப்பினால் வெயிலில் முட்டி போட வேண்டும் என்ற வகை.

"எதுக்கு ஆன்டி?"

"பூசையில. கோயில்ல எல்லாரும் போடுறப்ப நானும் போடணும்."

அவர் கழுத்தில் சங்கிலியோடு தொங்கிய சிறிய சிலுவையை அப்போதுதான் கவனித்தேன். தேக்கா பக்கத்தில் இருக்கும் மாதா கோயில் ஒன்றுக்குச் சின்ன வயதிலிருந்தே போகிறவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் சிரித்தார்.

"மா, சிஸ்டர் சீரியஸா கேக்குறாங்க. வலி போகணும்னு சொல்லு. அவ்ளோதான்."

"நானும் சீரியஸாத்தான்டா சொல்றேன்."

கிழக்குப் பகுதியில் இருக்கும் ஒரு பலதுறை மருந்தகத்தில் நான் தாதி. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் என்னை நாள்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், அதோடு வலி. மருத்துவர் பார்த்து மருந்து எழுதிய பிறகு, அந்த மருந்தோடு வீட்டில் எப்படி வாழ்வது என்று பேசுவது என் வேலை. பேசத்தான் நேரம் அதிகம் வேண்டும், வெளியே வரிசையும் நீளமாக இருக்கும். ஒவ்வொருவர் போன பிறகும் எதையாவது கேட்க மறந்துவிட்டேனோ என்று எனக்கு இருந்துகொண்டே இருக்கும். அந்தக் குணம் வேலைக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டில் அது நல்லதாக இல்லை. என் மகள் நடக்கப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. அவள் தானாக நடந்ததைவிட என் இடுப்பில் இருந்ததுதான் அதிகம்.

வலி எத்தனை என்று கேட்டபோதும் ஆன்டி நேராகப் பதில் சொல்லவில்லை.

"பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாத வலி. இன்னிக்கு எவ்வளவு ஆன்டி?"

"பத்தே போட்டுக்குங்க. இவன் ஸ்கூல்ல வாங்காததை நானாச்சும் வாங்கிட்டுப் போறேன்."

"மா!"

"சரி, ஆறு. போதுமா?"

இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் பல ஆண்டுகள் நின்றே வேலை செய்தவர். இப்போது வேலை இல்லை. கணவர் போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன், மருமகளோடு பிடோக்கில் ஐந்தறை வீட்டில் இருந்தார். மகன் சரக்கு நிறுவனத்தில் வேலை செய்தார். ஒவ்வொரு முறையும் அரைநாள் விடுப்பு எடுத்துத் தானே அழைத்து வந்தார். அம்மாவின் கைப்பையையும் குடையையும் அவரே வைத்திருப்பார். நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார்.

"வீட்டுல எங்கம்மாவை ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல, சிஸ்டர்," என்று பெருமையாகச் சொன்னார். "ஹெல்ப்பர் வச்சிருக்கோம். சாய்ஞ்சு உக்கார பெரிய சேர் வாங்கிப் போட்டிருக்கேன். தண்ணி கூடக் கையிலதான் வரும்."

ஆன்டி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அறைச் சன்னலில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. எதிர்ப் புளோக்கின் சுவர்தான்.

நம் வீடுகளில் இது ஒரு பழக்கம். யாருக்காவது முடியவில்லை என்றால் அவர் கையிலிருக்கும் வேலையை வாங்கிக்கொள்வோம். கரண்டியை வாங்குவோம், பையை வாங்குவோம், துணி மடிப்பதை வாங்குவோம். வாங்கி வாங்கி ஒரு நாள் அவர் கையில் ஒன்றுமே இருக்காது. அதற்குப் பெயர் பாசம். தசைகளுக்கோ அது வேறு செய்தி. பயன்படுத்தாத தொடை மெலிகிறது, மெலிந்த தொடை முழங்காலைத் தாங்குவதில்லை, எழுந்தால் வலி கூடுகிறது, வலி கூடியதால் இன்னும் உட்கார வைக்கிறோம். இதை நான் படித்திருக்கிறேன். படம் வரைந்தும் காட்டுவேன். ஆனால் அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தை சோபாவில் ஏறினாலே ஓடிப்போய்த் தூக்குகிற நான் எந்த முகத்தோடு சொல்வது?

"கோயில்ல உக்காந்தே கும்பிடலாம்னு ஃபாதரே சொல்லிட்டாரு," என்றார் மகன். "பின்னாடி பிளாஸ்டிக் சேர் போட்டிருக்காங்க. நன்மை அப்பத்தைக் கூட இவங்க இடத்துக்கே வந்து குடுக்குறாங்க. எவ்ளோ வசதி!"

"வசதிதான்," என்றார் ஆன்டி. "எல்லாரும் கீழ போயிடுவாங்க. நான் மட்டும் லைட் போஸ்ட் மாதிரி நட்டுக்கிட்டு இருப்பேன். முப்பது வருசம் கூடப் பாடினவங்க திரும்பிப் பாத்து, ஐயோ பாவம்னு தலையாட்டுவாங்க. எனக்குப் பூசையே கேக்க மாட்டேங்குது, மிஸ்ஸி."

படிவத்தில் விருப்பம் என்ற இடத்தில், பூசையில் மற்றவர்களோடு முழங்காலிடுவது என்று எழுதினேன். எழுதிவிட்டு உடனே பயந்தேன். தேய்ந்த முழங்காலைத் தரையில் போடலாமா? நான் பாட்டுக்கு எழுதிவிட்டேனே? அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் ஓடினேன். அவர் எக்ஸ்ரேயைத் திறந்து பார்த்தார். வலிக்கும், ஆனால் அதனால் மூட்டு கெட்டுப்போகாது என்றார். மெதுவாகப் பழக்கு, மெத்தென்ற இடத்தில் தொடங்கு, எழுந்திருக்கப் பிடிமானம் இருக்கட்டும், பிசியோவிடமும் ஒருமுறை காட்டிவிடு. அவ்வளவுதான் சொன்னார். அதே கேள்வியை நான் வேறு வார்த்தைகளில் இன்னொரு முறை கேட்டேன். அதே பதிலைப் பொறுமையாகத் திரும்பச் சொன்னார்.

இப்படித்தான் தொடங்கியது. மாத்திரையை ஆன்டி வலி வந்தால் நாலு, வராவிட்டால் ஒன்றுமில்லை என்று போட்டுக்கொண்டிருந்தார். அதை மருத்துவர் சொன்ன அளவில் வேளாவேளைக்கு மாற்றினோம். பிசியோ சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சி காலையில். வீட்டு வாசல் தாழ்வாரத்தில் நடை. ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று கூடுதலாக நடக்கக் கூடாது, ஒரு நாள் சரியில்லை என்று படுத்துவிடவும் கூடாது. முழங்காலுக்கு முதலில் மெத்தைமேல், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. அது பழகியதும் தரையில் மடித்த கம்பளிமேல்.

இவற்றோடு நான் இன்னொன்றும் கேட்டேன். வீட்டில் ஏதாவது ஒரு வேலை அவருடையதாக இருக்க வேண்டும் என்றேன்.

"என்ன வேலை?" என்றார் மகன், நான் அவர் அம்மாவை மூட்டை தூக்கச் சொன்னதுபோல.

"வெங்காயம் உரிக்கலாமே. நின்னுக்கிட்டு. முடியலன்னா உக்காந்துக்கலாம்."

"வெங்காயமா? ஹெல்ப்பர் இருக்கும்போது அம்மா வெங்காயம் உரிச்சா பாக்குறவங்க என்னை என்ன சொல்வாங்க?"

"கண்ணுல தண்ணி வருதுன்னு சொல்வாங்க," என்றார் ஆன்டி. "குடுடா வெங்காயத்தை."

இடையிடையே தொலைபேசியில் பேசுவேன். மெத்தைமேல் முழங்கால் வந்தது. கம்பளி வந்தது. வலி அப்படியேதான் இருந்தது. சில நாள் நான்கு, சில நாள் ஆறு. ஆனால் அவர் குரல் மாறியிருந்தது. பணிப்பெண்ணுக்கு ரசம் வைக்கத் தெரியவில்லை என்று என்னிடம் நீளமாகப் புகார் சொன்னார். வலியைத் தவிர வேறு எதைப் பற்றியாவது புகார் சொல்லும் நோயாளி, எங்கள் கணக்கில் தேறி வருகிறவர். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணி அடிக்கும்போது ஒரே ஒரு தடவை முழங்கால் போட்டுப் பார்க்கலாம், பிளாஸ்டிக் நாற்காலியை விட்டுப் பெஞ்சுக்குப் போங்கள், அங்கே முழங்காலுக்கு மெத்தைப் பலகை இருக்கிறதே என்றேன். "ஒரு தடவைதான் ஆன்டி," என்று அழுத்தியும் சொன்னேன்.

அந்த ஞாயிறு வருவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

திங்கட்கிழமை காலை மகன் போன் செய்தார்.

"சிஸ்டர், எங்கம்மாவால பாத்ரூமுக்குக் கூட எழுந்து போக முடியல. நான் அப்பவே சொன்னேன்ல? உக்காரட்டும்னு சொன்னேன்ல? நீங்கதான் முழங்கால் போடச் சொன்னீங்க."

காய்ச்சல் இருக்கிறதா, மூட்டு சிவந்து சுடுகிறதா, காலை ஊன்றவே முடியவில்லையா, விழுந்தாரா என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். காய்ச்சல் இல்லை, சிவப்பும் இல்லை, விழவும் இல்லை. அன்று பிற்பகலுக்கே மருத்துவரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தேன். போனை வைத்ததும் ஆன்டியின் படிவத்தைத் திறந்தேன். யார் என்னை முழங்கால் என்று எழுதச் சொன்னது? நடை என்று எழுதியிருக்கலாமே. மார்க்கெட் என்று எழுதியிருக்கலாமே. அந்த நேரம் பார்த்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்தும் அழைப்பு வந்தது. மகள் விழுந்துவிட்டாளோ என்று பதறி எடுத்தேன். மாற்று உடை அனுப்ப மறந்துவிட்டேனாம். அவ்வளவுதான்.

எங்கள் அறைக்கு மூத்த தாதி ஒரு மலாய்க்காரர். நாங்கள் எல்லாரும் அவரைக் காக் என்போம், மலாயில் அக்கா. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் கொட்டினேன். அவர் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே கேட்டார்.

"வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சு?"

"தெரியாது, காக்."

"நோன்பு மாசத்துல என் ஆளுங்க மாத்திரைய என்ன பண்றாங்கன்னு நான் முன்னாலயே கேட்டு வச்சிருவேன். அவங்களாச் சொல்ல மாட்டாங்க லா. இவங்களுக்கு இப்ப என்ன மாசம்?"

எனக்குத் தெரியவில்லை. தைப்பூசம் எப்போது, தீபாவளி எப்போது என்று தெரியும். நோன்புப் பெருநாள் தெரியும். ஆன்டியின் நாட்காட்டியில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

பிற்பகல் சக்கர நாற்காலியில் வந்தார். மகன் முகம் இறுகியிருந்தது. மருத்துவர் பார்த்தார். இரண்டு முழங்காலிலும் கொஞ்சம் வீக்கம், வேறு ஆபத்து இல்லை, பழகாத வேலையை அளவுக்கு மீறிச் செய்ததால் வந்த கொந்தளிப்பு, அடங்கிவிடும் என்றார். அதன் பிறகு என் அறைக்கு வந்தார்கள்.

"என்ன ஆச்சு ஆன்டி?"

ஆன்டி குற்றம் செய்த பிள்ளைபோல் மடியைப் பார்த்தார். மகன்தான் சொன்னார். தவக்காலம் தொடங்கியிருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும். சுவரைச் சுற்றிப் பதினான்கு படங்கள், பதினான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் முழங்காலிட்டு எழுந்து அடுத்ததற்குப் போவார்கள். மருமகளோடு போன ஆன்டி பதினான்கிலும் போட்டுவிட்டார்.

"பதினாலுலயுமா!"

"அன்னிக்குக் கால் நல்லா இருந்துச்சு, மிஸ்ஸி. முதல் ஸ்தலத்துல போட்டேன், ஒண்ணும் பண்ணல. ரெண்டுல போட்டேன். சரின்னு போயிட்டே இருந்தேன்."

"ஒரு தடவைன்னு சொல்லியிருந்தேனே ஆன்டி."

"நீங்க பூசைக்குச் சொன்னீங்க. இது பூசை இல்லியே." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "ஆண்டவரே மூணு தரம் விழுந்து எந்திரிச்சுப் போறாரு. அதைப் பாத்துக்கிட்டு நான் எங்க உக்கார்றது?"

"அவருக்கு ஆர்த்ரைட்டிஸ் இல்லம்மா," என்றார் மகன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் வேணாம். அவங்க சும்மா இருந்தப்ப இவ்ளோ மோசமா இல்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தத் திங்கட்கிழமையை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. எனக்குள் எல்லாம் சரிந்தது. எவ்வளவு சீக்கிரம் பின்வாங்கினேன் என்று நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

"சரி ஆன்டி, அப்படின்னா முழங்காலை விட்டுடுவோம். வேற ஏதாவது பாப்போம். புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல நடக்கலாம். அதுகூட நல்லதுதான்."

"சரி, மிஸ்ஸி," என்றார் ஆன்டி.

உடனே சொன்னார். வாதம் இல்லை, வருத்தம் காட்டவில்லை. சொல்லிக்கொண்டே மடியில் இருந்த கைப்பையை எடுத்து மகனிடம் நீட்டினார், புறப்படலாம் என்பதுபோல. இப்படிச் சரி சொல்லித்தான் அவர் கரண்டியைக் கொடுத்திருப்பார், துணிக்கூடையைக் கொடுத்திருப்பார், பாட்டுக் குழுவில் தன் இடத்தையும் கொடுத்திருப்பார். இப்போது நான் கேட்டதையும் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டவர்கள் வரிசையில் நானும் நின்றேன்.

"ஒரு நிமிசம் ஆன்டி," என்றேன். "உக்காருங்க. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

சக்கர நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை உட்காரச் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

என் குரல் எனக்கே நம்பிக்கையாக ஒலிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். முழங்கால் போட்டதால் இது வரவில்லை, பதினான்கு தடவை போட்டதால் வந்தது. பல மாதம் நடக்காத ஒருவர் ஒரே நாளில் பிடோக்கிலிருந்து தேக்காவுக்கு நடந்தால் கால் வீங்காதா? அதற்காக நடையே தப்பு என்று சொல்வோமா? மகனைப் பார்த்தேன். அவர் அம்மாவின் கைப்பையை மேசைமேல் வைத்தார்.

"முதல்ல வீக்கம் இறங்கட்டும். அதுக்கப்புறம் மறுபடி மெத்தையிலேர்ந்து. இந்த வெள்ளிக்கிழமைங்க இன்னும் எத்தனை இருக்கோ, ஒவ்வொண்ணுலயும் என்ன பண்ணலாம்னு இப்பவே பேசி வச்சுக்குவோம். ஒரு நிலையில மட்டும் போடுங்க. மத்ததுக்கெல்லாம் நிக்கலாம், வேணும்னா உக்காரலாம்."

"ஒண்ணா?" ஆன்டி நிமிர்ந்தார். "மூணு."

"ஒண்ணு, ஆன்டி."

"ஆண்டவர் விழுற மூணு மட்டும்."

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

"ரெண்டு போட்டுக்குங்க மிஸ்ஸி, நல்லா இருப்பீங்க."

"மா, தேக்காவுல மீன் வாங்குற மாதிரி பேசாத," என்றார் மகன். அவர் குரலில் காலையில் இருந்த சூடு குறைந்திருந்தது.

"நீ வாய மூடு. கால் என்னுது." பிறகு என்னிடம், "பன்னெண்டாவது. ஆண்டவர் உயிர் விடுற இடம். எல்லாரும் ரொம்ப நேரம் சத்தமில்லாம இருப்பாங்க. அதுல போடுறேன். மத்ததுல நிக்கிறேன்."

எதில் போடுவது என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் தேர்ந்தெடுத்தார். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது என் கவலையெல்லாம் ரொம்ப நேரம் என்றாரே, அது எவ்வளவு நேரம் என்பதில் இருந்தது. அதையும் கேட்டேன். வலித்தால் நடுவில் எழுந்துவிடுவேன் என்று ஒப்புக்கொண்டார். அதற்குச் சத்தியம் கேட்டார் மகன். கோயில் விஷயத்தில் சத்தியம் செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

"அப்ப நான் என்ன பண்ணணும், சிஸ்டர்?" என்று மகன் கேட்டார். அன்று அவர் கேட்டதிலேயே எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். அதுவரை அவர் கேட்டதெல்லாம், என்ன பண்ணக் கூடாது என்பதுதான்.

"பக்கத்துல நில்லுங்க. தூக்காதீங்க. அவங்களா முன்பெஞ்சைப் பிடிச்சு எந்திரிக்கட்டும். நேரமாகும். பாத்துக்கிட்டு நிக்கிறது கஷ்டம்தான்."

"ரொம்பக் கஷ்டம்," என்றார் அவர். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் அடிக்கடி போன் செய்தேன். தேவைக்கு அதிகமாகவே செய்தேன் என்று காக் கேலி செய்தார். வீக்கம் இறங்கியது. அந்த வெள்ளிக்கிழமை ஆன்டி ஒன்றிலும் முழங்கால் போடவில்லை. நின்றும் உட்கார்ந்தும் முடித்தார். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவதில் போட்டார். சனிக்கிழமை காலை கொஞ்சம் பிடிப்பு, மாலைக்குள் சரியாகிவிட்டது என்றார். நான் நம்பாமல் மருமகளிடமும் கேட்டேன்.

"அம்மா கிச்சன்ல நின்னு ஹெல்ப்பருக்கு ரசம் சொல்லிக் குடுக்குறாங்க, சிஸ்டர். வேணும்னா வீடியோ அனுப்புறேன். அந்த ஹெல்ப்பருதான் பாவம், அவங்களுக்குத்தான் இப்ப பெயின் ஸ்கோர் கேக்கணும்."

வலி போகவில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தாலும். மழை நாளில் ஆறு, நல்ல நாளில் மூன்று. இரவில் திரும்பிப் படுத்தால் இன்னும் விழிப்பு வரும். மாத்திரையை நிறுத்தவில்லை. தேய்ந்த எலும்பு திரும்பி வளரவில்லை. ஆனால் ஒரு முறை மருந்தகத்துக்கு வந்தபோது கைப்பை ஆன்டியின் தோளில் இருந்தது. மகன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து, அறையை விட்டுப் போகும்போது ஆன்டி கேட்டார். "ஞாயித்துக்கெழமை தேக்காவுக்கு வருவீங்களா, மிஸ்ஸி?"

"மாசத்துல ஒரு தடவை வருவோம் ஆன்டி. காய்கறி வாங்க."

"அப்ப கோயிலுக்கும் ஒரு எட்டு வாங்க. பிள்ளையையும் தூக்கிட்டு வாங்க. சாமி கும்பிடச் சொல்லல. சும்மா பின்னாடி நில்லுங்க."

நோயாளி கூப்பிட்ட இடத்துக்குப் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காக்கிடம் கேட்டேன். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டா போவேன், இதுக்கு என்ன லா," என்றார். கணவரிடம் கேட்டேன். முருங்கைக்காய் வாங்கியாக வேண்டும், எப்படியும் அந்தப் பக்கம் போகிறோம் என்றார். கடைசியில் போனோம். கணவர் கடைக்குப் போய்விட்டார். நான் மகளோடு கோயிலுக்குள் போய்ப் பின்சுவரை ஒட்டி நின்றேன்.

உள்ளே நல்ல கூட்டம். மின்விசிறிகள் சுழன்றாலும் வெக்கை. எப்போது எழுவது, எப்போது உட்கார்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் எழுந்தபோது நிமிர்ந்தேன், எல்லாரும் உட்கார்ந்தபோது தூணில் சாய்ந்தேன். என் மகள் பாட்டுக்கு ஏற்பத் தலையை ஆட்டினாள். நடுவரிசையில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் பச்சைச் சேலையில் ஆன்டியைக் கண்டேன். பக்கத்தில் மகன். பின்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வேறு சில வயதானவர்கள் இருந்தார்கள்.

மணி அடித்தது. கோயில் முழுவதும் ஒரே அசைவாகக் கீழே போனது. அந்த நேரம் பார்த்து என் மகள் என் காதணியைப் பிடித்து இழுத்தாள். விரல்களை விடுவித்துவிட்டு நிமிர்ந்தபோது நடுவரிசையில் எங்கும் குனிந்த தலைகள். கறுப்பு, நரை, முக்காடு, பூ வைத்த கொண்டை. பச்சைச் சேலையைத் தேடினேன். எந்தப் பெஞ்ச் என்பதே தப்பிவிட்டது. விழுந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை, யாரும் கை நீட்டவில்லை. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். என்னை நானே சமாதானம் செய்துகொண்டு நின்றேன்.

பிறகு எல்லாரும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் முதுகு மறைத்ததால் அப்போதும் தெரியவில்லை. மகனின் பின்தலை மட்டும் தெரிந்தது. அது பக்கவாட்டில் குனிந்து, காத்திருந்து, நிமிர்ந்தது. அவர் கைகள் தெரியவில்லை.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது ஆன்டி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாத்தீங்களா, மிஸ்ஸி?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். வந்ததே அதற்குத்தானே. ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் அதை நினைத்து நினைத்து வாரம் முழுக்க வருந்துவேன்.

"இல்ல ஆன்டி. மணி அடிச்சதும் உங்களைத் தேடினேன். அவ்வளவு பேருல நீங்க எங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியல."

அவர் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"நெசமாவா? தெரியலயா?"

"தெரியவே இல்ல ஆன்டி."

பின்னால் யாரோடோ பேசிக்கொண்டிருந்த மகனை முழங்கையால் இடித்தார்.

"டேய், இங்க வா. மிஸ்ஸி என்ன சொல்றாங்கன்னு கேளு." என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தரம் சொல்லுங்க, மிஸ்ஸி."